ஒரே பெயர், வேறு ஆள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலர், மாணவர்களின் வரலாற்றுத் திட்டப்பணி, புதிர்ப்போட்டித் தாள் என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஒரு பெரியவரின் பெயருக்குக் கீழே அதே பெயருள்ள இன்னொருவரின் படமோ பிறந்த ஆண்டோ போய் உட்கார்ந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மலர்க்குழுவினரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இங்கே.

நம்மவர்களிடையே ஒரே பெயர் இத்தனை பேருக்கு எப்படி வந்தது?

பெயர் எடுத்த இடம் குறுகியது. சாமி பெயர், நாயன்மார் ஆழ்வார் பெயர், குலதெய்வத்தின் பெயர் இவற்றை விட்டால் நூறு ஆண்டுக்கு முன் பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர் வைத்தவர்கள் குறைவு. சுப்பிரமணியம், ஆறுமுகம், இராமசாமி, பெருமாள், முனியாண்டி என்று சில பெயர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இதைவிடப் பெரிய தொல்லை. முத்துசாமியின் மகன் மு. இராமசாமி என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் தகப்பனார் பெயரைத் தம் மகனுக்கு வைக்கிறார், அவன் இரா. முத்துசாமி. அவனும் அப்படியே செய்தால் அடுத்து வருபவன் மறுபடியும் மு. இராமசாமி. முதலெழுத்து உட்பட அதே பெயர், நடுவே ஏறத்தாழ ஐம்பது ஆண்டு. கோயில் குறிப்பேட்டில் 1920களில் நிலம் கொடுத்தவரும் 1980களில் தலைவராக இருந்தவரும் ஒரே பெயரில் தென்பட்டால், நெடுங்காலம் தொண்டாற்றியவர் என்று புகழ்ந்து எழுதுவதற்கு முன் பாட்டன், பேரன் கணக்கைப் பாருங்கள்.

பழைய படம் ஒன்றில் "எஸ். சுப்பிரமணியம், ம.இ.கா., சிகாமட் நாடாளுமன்ற உறுப்பினர்" என்று இருக்கிறது. யார் இவர்?

படம் எடுத்த ஆண்டு தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இந்நாட்டில் இதைவிடக் கெட்ட பெயர்ச்சிக்கல் அரசியலில் கிடையாது என்றே சொல்லலாம்: ஒரே கட்சி, ஒரே தொகுதி, ஒரே முதலெழுத்து, ஒரே பெயர், அதுவும் ஒருவர் பின் ஒருவராக.

2004 பொதுத் தேர்தல் வரை சிகாமட்டில் இருந்தவர் சின்னையாவின் மகன் சுப்பிரமணியம். ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) துணைத் தலைவராக நெடுங்காலம் இருந்து, 2006 கட்சித் தேர்தலில் ஜி. பழனிவேலிடம் அப்பதவியை இழந்தவர். 2004 முதல் 2018 வரை அதே தொகுதியில் இருந்தவர் சதாசிவத்தின் மகன் சுப்பிரமணியம். தோல் மருத்துவர்; 2008 முதல் மனிதவள அமைச்சர், 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சர், 2015 முதல் 2018 வரை கட்சியின் தேசியத் தலைவர்.

டத்தோஸ்ரீ பட்டம் இருவருக்கும் உண்டு, ஆகவே அது உதவாது. "டாக்டர்" என்று இருந்தால் இரண்டாமவர். "துணைத் தலைவர்" என்று இருந்து ஆண்டு 2006க்கு முந்தியதானால் முதலாமவர். "அமைச்சர்" என்று மட்டும் இருந்தால் எந்த அமைச்சு என்று பாருங்கள். தமிழில் எழுதும்போது சி. சுப்பிரமணியம், ச. சுப்பிரமணியம் என்று எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து எழுதுபவர்கள் "எஸ்." என்றே போட்டுவிடுகிறார்கள். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

ஆங்கில முதலெழுத்தை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். ஆங்கில "எஸ்" ஒன்றுக்குள் ச, சா, சி, சீ, சு, செ, சொ, சோ எல்லாம் அடங்கிவிடும். ஷ, ஸ்ரீ கூட அங்கேதான். "கே"க்குள் க, கா, கி, கு, கோ. "ஆர்" என்றால் இரா, ரெ, அரங்கசாமியை ரெங்கசாமி என்று எழுதுபவர்களின் ரெ, எல்லாமே வரும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு (1940–2016) தமிழில் "ரெ." என்றே எழுதினார். அதை "ஆர். கார்த்திகேசு" என்று மாற்றுவது பிழையில்லை, அதை மீண்டும் தமிழாக்கி "இரா. கார்த்திகேசு" என்று போடுவது பிழை. "கார்த்திகேசு" என்று மட்டும் எழுதினால் இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியும் (1932–2011) நினைவுக்கு வருவார். அவருக்கு அது தந்தை பெயர்.

எல்லா முதலெழுத்தும் தந்தை பெயரும் அல்ல. துன் வீ.தி. சம்பந்தன் பெயரில் வீ என்பது தந்தை வீராசாமி. தி என்பது பாட்டனாரில்லை; அவருடைய சொந்தப் பெயரே திருஞானசம்பந்தன். ஈப்போவின் மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவர்களான டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்களிடம் இது தலைகீழாக இருக்கிறது: முன்னால் நிற்பவை அவரவர் சொந்தப் பெயரின் எழுத்துகள், பின்னால் நிற்பது குடும்பத்துக்குப் பொதுவான பெயர். ஒருவர் என்று நினைத்து இருவரின் செய்திகளையும் சேர்த்து எழுதிவிடாமல் இருக்க, ஈப்போ தொகுதியா மெங்லெம்பு தொகுதியா என்று பாருங்கள். டி.ஆர். ஈப்போ, எஸ்.பி. மெங்லெம்பு.

தமிழ் முதலெழுத்தே கைவிடும் இடமும் உண்டு. பாரதியாரின் தந்தை சின்னசாமி. பசுமைப் புரட்சிக் காலத்து இந்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் (1910–2000) தந்தை சிதம்பரம். இருவரும் சி. சுப்பிரமணியமே. அதே 1910இல் பிறந்து 1983இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்குச் சுப்பிரமணியன் என்பது தந்தை பெயர். "1910இல் பிறந்த சுப்பிரமணியம்" என்று புதிர்ப்போட்டியில் கேட்டால் சண்டை நிச்சயம்.

சம்பந்தன் என்றால் யார்?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் நிற்பவருக்கு இது கேள்வியே இல்லை. ஆனால் இணையத்தில் தமிழில் தேடினால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் இலங்கைச் செய்திகள். நால்வரை வைத்துக்கொண்டால் போதும்:

திருஞானசம்பந்தர், 7ஆம் நூற்றாண்டு, சீர்காழி, தேவாரம். பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964), நாடக ஆசிரியர். துன் வீ.தி. சம்பந்தன் (1919–1979), சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர். இரா. சம்பந்தன் (1933–2024), திருகோணமலை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர், 2015 முதல் 2018 வரை இலங்கை நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்.

ரோமன் எழுத்தில் நம்மவர் பெயரில் "b" (Sambanthan) இருக்கும், இலங்கையர் பெயரில் அந்த இடத்தில் "p" (Sampanthan) இருக்கும். தேடும்போது அது ஒன்றே நல்ல வடிகட்டி. விக்னேஸ்வரன் பெயரிலும் இதே கதை. ம.இ.கா. தலைவரும் 2016 முதல் 2020 வரை மேலவைத் தலைவராக இருந்தவருமான எஸ்.ஏ. விக்னேஸ்வரன் "வி" போட்டு எழுதுவார். இலங்கை வட மாகாண முதலமைச்சராக 2013 முதல் 2018 வரை இருந்த முன்னாள் நீதிபதி சி.வி. விக்னேஸ்வரனுக்கு "டபிள்யூ".

இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். சம்பந்தனுக்குப் பின் ம.இ.கா. தலைவரானவர் வெ. மாணிக்கவாசகம். ஐந்தாம் தலைவருக்கும் ஆறாம் தலைவருக்கும் சைவ நால்வரில் இருவர் பெயர் அமைந்தது. இருவரும் காலமானதும் ஒரே ஆண்டில், 1979இல். "1979இல் மறைந்த ம.இ.கா. தலைவர் யார்?" என்ற கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள், முன்னாள் தலைவர் மே மாதமும் பதவியிலிருந்த தலைவர் அக்டோபரிலும் மறைந்தார்கள்.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் முதல் பிரதமர் பெயரில்தானே இருக்கிறது?

இல்லை. தீபாவளித் துணி எடுக்க அந்தச் சாலையில் நடப்பவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முன்பு பத்து ரோடு என்று அழைக்கப்பட்ட அச்சாலை நாட்டின் முதல் மாமன்னர், நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் துவாங்கு அப்துல் ரஹ்மான் (1895–1960) பெயரில் இருக்கிறது. ரிங்கிட் தாளில் நாம் பார்க்கும் முகமும் அவருடையதே. முதல் பிரதமர் கெடாவைச் சேர்ந்த துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா (1903–1990). இருவரும் 1957இல் ஒரே நேரத்தில் முதல் மாமன்னர், முதல் பிரதமர். மெர்டேக்கா காலத்துப் படங்களில் பக்கத்துப் பக்கத்தில் வேறு நிற்பார்கள்.

"துவாங்கு" அரியணையில் இருப்பவருக்கு, "துங்கு" அரச குடும்பத்தவருக்கு. தமிழ் மலர்களில் இரண்டையும் "துங்கு" என்று போட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் பிரதமரின் பெயரில் இருப்பது.

இதே நகரில் இன்னொரு சோடி: ஜாலான் சுல்தான் இஸ்மாயில் நான்காம் மாமன்னர், திரெங்கானுவின் சுல்தான் இஸ்மாயில் நசிருடின் ஷா பெயரில் இருக்கிறது, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், 1973இல் மறைந்த துணைப்பிரதமர் பெயரில். ஜொகூரிலும் ஒரு சுல்தான் இஸ்மாயில் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மாறாக, ஒரே ஆளுக்கு இரு நகரிலும் சாலை இருப்பது பி. ரம்லிக்கு (1929–1973). பினாங்கில் பிறந்து கோலாலம்பூரில் மறைந்தவர். ஜாலான் பி. ரம்லி என்று முகவரி கிடைத்தால் அஞ்சல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஜானகி பற்றி மாணவி ஒருத்தி திட்டப்பணி செய்கிறாள். எந்த ஜானகி என்று பாடத்தாளில் இல்லை.

மலேசிய வரலாற்றுப் பாடம் என்றால் ஜானகி ஆதி நாகப்பன் (1925–2014). கோலாலம்பூரில் பிறந்து, பதின்ம வயதிலேயே நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், ம.இ.கா. தொடங்கிய காலத்தவர்; 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றவர். திருமணத்துக்கு முன் ஜானகி தேவர். 1940களின் செய்திகளைத் தேடும்போது "ஆதி நாகப்பன்" என்று போட்டால் ஒன்றும் வராது, "தேவர்" என்று போட வேண்டும். பெண்களைப் பற்றித் தேடும் எல்லாருக்கும் இந்தத் தடங்கல் வரும்: திருமணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவர் பெயர், கணவர் பட்டம் பெற்றால் அதற்குப் பின் டத்தின், புவான் ஸ்ரீ, தோ புவான். ஒரே பெண்மணி மூன்று பேராகத் தெரிவார்.

அறிவியல் பாடம் என்றால் தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள் (1897–1984), தலச்சேரியில் பிறந்து கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். தமிழக அரசியல் என்றால் வி.என். ஜானகி, 1988 ஜனவரியில் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக முதலமைச்சராக இருந்தவர். இசை என்றால் 1938இல் பிறந்த எஸ். ஜானகி. "ஜானகி, ஜான்சி ராணி" என்று சேர்த்துத் தேடும் மாணவர்களுக்கு 1857இன் ஜான்சி ராணி லட்சுமிபாயும், படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியும் (1914–2012) கலந்து வருவார்கள். அந்த இரண்டு லட்சுமிகளையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

பினாங்கில் "பேராசிரியர் இராமசாமி" என்றால் எல்லாருக்கும் தெரியும். விளக்கம் தேவையா?

தேவை. 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த பி. இராமசாமியை இன்று பினாங்கில் யாரும் கேட்க மாட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து மலரைப் புரட்டுபவர் கேட்பார். 1929 இறுதியில் மலாயா வந்து, 1954இலும் வந்த ஈ.வெ. இராமசாமி பற்றிய கட்டுரை அதே மலரில் இருந்தால் முதலெழுத்தை இருவருக்கும் ஒவ்வொரு முறையும் போடுங்கள்.

பெரியாரும் திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. இராமசாமி ஐயரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1879. முன்னவர் செப்டம்பர், பின்னவர் நவம்பர். கொள்கையில் எதிரெதிர் துருவம். படத்தை மாற்றிப் போட்டால் இரு தரப்பிலிருந்தும் தொலைபேசி வரும்.

கடாரம் வென்ற இராஜேந்திரன் எந்த இராஜேந்திரன்?

முதலாம் இராஜேந்திரன், 1025. பினாங்குப் பள்ளிகளிலிருந்து, கடாரமான இன்றைய கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவர்கள் பதாகையில் "இராஜேந்திர சோழன்" என்று மட்டும் எழுதுகிறார்கள். அப்பெயரில் முடிசூடியவர்கள் மூவர்: முதலாமவர் 1012இல் இளவரசுப் பட்டம் ஏற்று 1014 முதல் 1044 வரை ஆண்டவர், இரண்டாமவர் அவர் மகன், 1054இல் கொப்பத்துப் போர்க்களத்திலேயே முடிசூடியவர், மூன்றாமவர் 13ஆம் நூற்றாண்டில் சோழ மரபின் கடைசி அரசர். போதாததற்கு, முதலாம் குலோத்துங்கனுக்கும் பட்டமேறுவதற்கு முன் இராஜேந்திரன் என்றே பெயர். அவர் காலத்திலும் கடாரத்துடன் தொடர்பு இருந்தது: சிறிய லெய்டன் செப்பேடு (1090) கடாரத்து அரசரின் தூதர்களைக் குறிப்பிடுகிறது. இதனால்தான் "இராஜேந்திரன், கடாரம்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால் போதாது.

கல்வெட்டுப் படியெடுப்பைப் பார்ப்பவர்களுக்கு: சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி ஏற்றார்கள். முதலாம் இராஜராஜன் இராசகேசரி, மகன் இராஜேந்திரன் பரகேசரி, அவர் மகன் இராஜாதிராஜன் இராசகேசரி, அவர் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் மறுபடியும் பரகேசரி. ஆகவே "பரகேசரி இராஜேந்திர சோழதேவர்" என்பது தந்தைக்கும் பொருந்தும், மகனுக்கும் பொருந்தும். ஆட்சியாண்டும் தனியாக உதவாது. "ஆறாவது ஆண்டு" இருவருக்கும் உண்டு. பிரித்துக் காட்டுவது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசரைப் புகழும் பகுதி. "திருமன்னி வளர" என்று தொடங்கினால் முதலாம் இராஜேந்திரன். "திருமகள் போல" என்று தொடங்குவது அவர் தந்தை இராஜராஜனுடையது. மெய்க்கீர்த்தி சிதைந்துபோன கல்லில், எழுத்தமைதியும் உடன் வரும் அதிகாரிகளின் பெயரும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதைக் கல்வெட்டறிஞரிடம் விட்டுவிடுங்கள்.

ஔவையார் ஒருவரா, பலரா?

பலர். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் சங்க கால ஔவையார். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டு பிற்பட்டவர். தமிழ்ப்பள்ளிச் சுவரில் நெல்லிக்கனிக் காட்சியை வரைந்து கீழே "அறம் செய விரும்பு" என்று எழுதியிருப்பது கண்ணுக்கு அழகு, வரலாற்றுக்குச் சரியில்லை. நக்கீரர், கபிலர், பட்டினத்தார் பெயர்களிலும் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் உண்டு. பதினோராம் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனாரைப் பத்துப்பாட்டு நக்கீரரோடு சேர்க்க வேண்டாம்.

பினாங்குத் தமிழ் முஸ்லிம் பெயர்களை எப்படிப் பிரித்தறிவது?

முகம்மது, அப்துல், சாகுல் ஹமீது, காதர் மொய்தீன் ஆகியவை ஆயிரக்கணக்கானோருக்கு உள்ள பெயர்கள். காதர் மொய்தீன் என்பது பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானியை நினைந்து இட்டது, சாகுல் ஹமீது நாகூர் ஆண்டவரை நினைந்து இட்டது. ஜார்ஜ் டவுன் சூலியா வீதியிலேயே நாகூர் தர்கா இருப்பதால் பினாங்கில் அப்பெயர் குறையவே குறையாது.

ஆகவே பின்னொட்டைப் பாருங்கள்: மரைக்காயர், ராவுத்தர், லெப்பை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோடு சேர்த்துச் சொல்லப்படும் காதர் மொய்தீன் ஒரு மரைக்காயர். ஆங்கில ஆவணங்களில் அது "மெரிக்கன்" என்று உருமாறி நிற்கும். அமெரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டில் 2004 முதல் 2009 வரை வேலூர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கே.எம். காதர் மொகிதீனும் இதே பெயரினர். எழுத்துக்கூட்டல் காதர், காதிர், காடர் என்றும், மொய்தீன், முகைதீன், மொகிதீன், மைதீன் என்றும் வரும். அட்டவணை தயாரிக்கும்போது ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுங்கள்.

பட்டப்பெயரை வைத்து அடையாளம் காணலாமா?

கவனமாக. பட்டங்களும் பகிரப்பட்டவையே. "தமிழவேள்" என்றால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முரசு தொடங்கிய கோ. சாரங்கபாணி (1903–1974). தஞ்சையில் அது கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் (1883–1941). மதுரைப் பக்கம் பி.டி. ராஜன் (1892–1974). இருவர் மறைந்த ஆண்டுகூட ஒன்று.

டத்தோ, டான் ஸ்ரீ, துன் ஆகியவை காலத்தோடு ஏறும். 1957 படத்தின் கீழே "துன் சம்பந்தன்" என்று எழுதுவது காலப்பிழை. அப்போது அவர் துன் ஆகவில்லை. "பின்னாளில் துன்" என்று எழுதலாம். செய்தித்தாளில் ஒருவர் எந்தப் பட்டத்தோடு வருகிறார் என்பதை வைத்து அச்செய்தியின் காலத்தை ஊகிக்க முடிவது இதன் நல்ல பக்கம். அன்பாக வைத்த பெயர்கள் இன்னும் உறுதியானவை: காற்பந்தில் "ஸ்பைடர்மேன்" என்றால் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் (1953–1988) ஒருவரே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரோடும் (1822–1879) புக்கிட் மெர்தாஜாம் ஜாலான் ஆறுமுகம் பிள்ளையோடும் அவரைக் குழப்ப வாய்ப்பில்லை.

பழைய செய்தித்தாளில் எப்படித் தேடுவது?

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் மலாயாச் செய்திகளும் ஏராளம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் உண்டு, தமிழ் முரசும் உண்டு. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகமும் அடுத்த படி.

முதலெழுத்தோடு தேட வேண்டாம். அச்சுப் பக்கத்தைக் கணினி படிக்கும்போது முற்றுப்புள்ளியும் இடைவெளியும் சிதைந்துபோகின்றன. பெயரை மட்டும் போட்டு, கூடவே ஊர் அல்லது அமைப்பின் பெயரைச் சேருங்கள். சுப்பிரமணியத்துக்கு இறுதியில் "எம்", "என்" இரண்டும் போட்டுப் பாருங்கள். "ஐ" வரும் இடத்தில் "ஒய்" போட்டும் தேடுங்கள். பிள்ளைக்கும் அப்படியே: கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தை 1873இல் தொடங்கிய கா. தம்புசாமி பிள்ளையின் (1850–1902) பெயர் அக்காலப் பத்திரிகையில் ஒரே மாதிரி இருப்பதில்லை. லட்சுமி, லட்சுமணன் போன்ற பெயர்களில் மலேசியப் பதிவுகள் நடுவில் "டி, சி, எச்" போடும். தமிழ்நாட்டு எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது.

கிடைத்த செய்தி உங்கள் ஆளுடையதுதான் என்று சொல்ல, பெயரைத் தவிர வேறு இரண்டாவது பொருந்த வேண்டும்: ஊரும் தொழிலும், அல்லது வயதும் அமைப்பும். ஒன்று மட்டும் பொருந்தினால் பென்சிலில் குறித்து வைத்துவிட்டு மேலே தேடுங்கள். 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தேடுபவர்களுக்கு, அதே ஆண்டில் வேறு கணபதிகளும் நீதிமன்றச் செய்திகளில் வருவார்கள்.

அரசாங்கம் எப்படிக் குழம்பாமல் இருக்கிறது?

எண்ணால். அடையாள அட்டையின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே "ஏ/எல்" (மகன்), "ஏ/பி" (மகள்) வரும். மலர்க்குழு உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்க எண்ணைப் பயன்படுத்தலாம். அச்சில் மட்டும் போடவே கூடாது.

படக்குறிப்பை எப்படி எழுதினால் பின்னால் சிக்கல் வராது?

பெயர், தமிழ் முதலெழுத்து, வாழ்ந்த ஆண்டு, பொறுப்பு, ஊர். இந்த ஐந்தும் முதல் முறை வரும் இடத்தில் இருந்தால் போதும்: "வீ.தி. சம்பந்தன் (1919–1979), ம.இ.கா. ஐந்தாம் தலைவர், சுங்கை சிப்புட்." உயிரோடு இருப்பவருக்கு ஆண்டு வேண்டாம், பொறுப்பு வகித்த காலத்தைப் போடுங்கள். "நமது", "அன்னார்", "பெருமதிப்பிற்குரிய" ஆகியவை இடத்தை அடைக்குமே தவிர ஆளைக் காட்டாது. குழுப்படத்தில் "இடமிருந்து வலம்" என்று எழுதி, அமர்ந்திருப்பவர் வரிசையையும் நிற்பவர் வரிசையையும் தனித்தனியே கொடுங்கள்.

மலர் அச்சாகிவிட்டது, ஆள் மாறிவிட்டது. இனி?

விநியோகத்துக்கு முன் தெரிந்தால் திருத்தச் சீட்டு அடித்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் சொருகினால் விழுந்துவிடும். தேசிய நூலகத்துக்கு அனுப்பும் படிகளில் கட்டாயம் ஒட்டுங்கள், பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கப்படுவது அவைதான். மின்படி இணையத்தில் ஏறியிருந்தால் பக்கத்தைத் திருத்துவதோடு நிற்காமல் படக்கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். தேடுபொறி படத்தை அடையாளம் காண்பதில் கோப்பின் பெயரும் சேர்த்தி. பழைய பெயரோடு விட்டால் அடுத்த மலர்க்குழுவும் அதே படத்தையே இறக்கிக்கொள்ளும்.